தொப்பூர் மேட்டில் இரண்டு டர்போக்கள்

சேலத்திலிருந்து தருமபுரி போகையில் தொப்பூர் கணவாய் ஏறி முடித்ததும் டீக்கடை ஓரமாகக் காரை நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கப் போன கையைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார். "கண்ணு, மேடேறி வந்த வண்டிய ஒடனே ஆஃப் பண்ணாத சாமி. ரெண்டு நிமிசம் மூச்சு வாங்கட்டும்."

நாமக்கல் லாரிகளில் முப்பது வருடம் ஓட்டியவர் அவர். எங்களுக்கு முன்னால் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது. அதன் டிரைவர் இறங்கி, முகம் கழுவி, டீயும் வாங்கிவிட்டார். எஞ்சின் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா அந்த லாரியைக் கண்ணால் காட்டினார். அவருக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

நான் ஓட்டிவந்தது ஒரு லிட்டர் பெட்ரோல் டர்போ கார். அந்த லாரியில் இருந்தது ஆறு லிட்டரை ஒட்டிய டீசல் டர்போ எஞ்சின். இரண்டும் ஏறியது ஒரே மேடு, இரண்டிலும் இருப்பது டர்போதான். ஆனாலும் சித்தப்பா சொன்ன புத்திமதி லாரிக்குப் பொருந்துகிற அளவுக்கு என் காருக்குப் பொருந்தாது. லாரி டிரைவர்களிடமிருந்து கார்க்காரர்கள் கற்க வேண்டியது நிறைய. அதே சமயம் லாரிப் பழக்கம் ஒன்றை அப்படியே காருக்குக் கொண்டுவந்தால் எஞ்சினே உடையலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது விளங்கும்.

டர்போ என்பது முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு நத்தைக் கூடுகள். ஒரு கூட்டுக்குள் டர்பைன் சக்கரம், மற்றதற்குள் கம்ப்ரஸர் சக்கரம், இரண்டையும் கோக்கும் விரல் தடிமன்கூட இல்லாத ஒரு தண்டு. சைலன்சர் வழியாக வீணாகப் போகவிருந்த சூடான புகை டர்பைனைச் சுற்றுகிறது. அதே தண்டில் இருப்பதால் கம்ப்ரஸரும் சுற்றி, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. அமுக்கிய காற்று நூறு டிகிரியைத் தாண்டிச் சூடாகிவிடும் என்பதால் நடுவில் இன்டர்கூலர் வைத்துக் குளிர்விக்கிறார்கள். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு போய்விடுகிறது. அந்த நஷ்டத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வேலை வாங்குவதுதான் இதன் சூட்சுமம்.

பலன் என்ன என்பதை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாரான ஹூண்டாய் வென்யூவிலேயே பார்க்கலாம். 2019-ல் அது வந்தபோது டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 83 குதிரைத்திறன் தந்தது. அதைவிடச் சிறிய 1 லிட்டர் டர்போ எஞ்சின் 120 தந்தது. இழுவிசையோ 172 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே. சின்ன எஞ்சினுக்குப் பெரிய நெஞ்சு வைத்தது போல.

இந்தக் கருவிக்குப் பிறந்த வீடு டீசல்தான். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நடைமுறை வெற்றி 1925-ல் கிடைத்தது. அவருடைய அமைப்பைப் பொருத்தியதும் பத்து சிலிண்டர் கப்பல் டீசல் ஒன்றின் சக்தி 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500 ஆனது. 1938-ல் சுவிட்சர்லாந்தின் சாவ்ரர் நிறுவனம் லாரிக்குள் டர்போவைக் கொண்டுவந்தது.

பெட்ரோல் காருக்கு வந்து சேர இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது. வந்த கதையும் பராமரிப்பைப் பற்றிய ஒரு பாடமாகவே இருக்கிறது. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் வெளியானது. அமுக்கிய காற்றின் சூட்டில் பெட்ரோல் கலவை நேரங்கெட்டு வெடித்து "நாக்கிங்" வராமலிருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் தெளிக்க வேண்டும். அதற்குத் தனித் தொட்டி வைத்தார்கள். வாங்கியவர்கள் பலர் அதை நிரப்பவே இல்லை. தொட்டி காலியானால் டர்போவின் அழுத்தம் அடங்கிப்போகும்படி வைத்திருந்ததால், வண்டியில் இழுவை இல்லை என்ற புகார்தான் மிஞ்சியது. 1963-ஓடு அந்தக் கார் நின்றுபோனது.

டீசலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதன் சிலிண்டருக்குள் முதலில் வெறும் காற்று மட்டுமே அமுக்கப்படுகிறது, எரிபொருள் கடைசி நேரத்தில்தான் பீய்ச்சப்படுகிறது. எவ்வளவு காற்று திணித்தாலும் நேரங்கெட்டு வெடிக்க உள்ளே ஒன்றும் இருக்காது. டீசலும் டர்போவும் மாமன் வீட்டு உறவு போல ஒட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

இனி சுழலும் வேகத்தைப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. லாரி டர்போவின் கம்ப்ரஸர் சக்கரம் சுமார் 80 மில்லிமீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 1,10,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். என் கார் டர்போவின் சக்கரம் அதில் பாதி, 40 மில்லிமீட்டர், எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கிவிடும். அது 2,20,000 சுற்று. சக்கரத்தின் ஓரம் எவ்வளவு வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது என்று கணக்கிட்டால் இரண்டுக்கும் ஒரே விடை வருகிறது: விநாடிக்கு 460 மீட்டர். ஒலியே விநாடிக்கு 340 மீட்டர் சுற்றில்தான் போகிறது. காற்றை அமுக்கித் தருவது சக்கர ஓரத்தின் வேகம். அதனால் சக்கரம் சிறுத்தால் சுற்று கூடியே ஆக வேண்டும். பார்வைக்குச் சாதுவாகத் தெரியும் சின்னக் கார் டர்போவின் தண்டு, லாரித் தண்டைவிட இரண்டு மடங்கு சுழல்கிறது.

இத்தனை வேகத்தில் சுழலும் தண்டைப் பெரும்பாலான டர்போக்களில் பால் பேரிங் தாங்குவதில்லை. வெண்கலப் புஷ் ஒன்றில், தலைமுடியின் தடிமனுக்கும் குறைவான எண்ணெய்ப் படலத்தின் மேல் தண்டு மிதக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடவே கூடாது. எஞ்சின் ஆயிலின் அழுத்தம் ஒரு சில விநாடி அறுந்தாலும் புஷ்ஷில் கீறல் விழும். இந்த ஒரு விஷயத்தில் லாரிக்கும் காருக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டுக்கும் உயிர் ஆயில்தான். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறும விடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு பதறும். ஆயில் டர்போவரை ஏறி வரும்வரையாவது பொறுக்க வேண்டும்.

வெப்பத்துக்கு வந்தால் இரண்டும் பிரிகின்றன. டீசல் எஞ்சின் முழுச் சுமையில் இழுக்கும்போதும் சிலிண்டரில் தேவைக்கு மேல் காற்று மிச்சமிருக்கும். அந்த உபரிக் காற்று சூட்டை ஆற்றுவதால் டர்பைனுக்கு வரும் புகை 700 டிகிரி சுற்றில் நிற்கும். பெட்ரோல் எஞ்சினில் உபரி கிடையாது. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற அளவோடுதான் எரிகிறது. முழு வேகத்தில் புகையின் சூடு 950 டிகிரி, சிலவற்றில் அதற்கும் மேல். சோதனைச்சாலையில் இருட்டில் ஓட விட்டால் டர்பைன் கூடு கொல்லன் உலை இரும்பு போலச் செக்கச்செவேலென்று ஒளிரும். சக்கரத்தை நிக்கல் கலவையில் வார்ப்பது இந்தச் சூட்டைத் தாங்கத்தான்.

எஞ்சினைச் சட்டென்று அணைத்தால் ஆயில் பம்பும் அப்போதே நின்றுவிடும். டர்பைன் பக்கம் தேங்கிய சூடு தண்டு வழியாக புஷ்ஷுக்குள் ஊர்ந்து வரும். அங்கே நிற்கும் கொஞ்ச ஆயில் 300 டிகிரியை நெருங்கினால் கருகத் தொடங்கும். அடுப்பில் மறந்துவிட்ட எண்ணெய்ச் சட்டியின் அடியில் பிடிக்கிற கரி போல அது கெட்டியாகி, ஆயில் வரும் மெல்லிய துளையை நாளுக்கு நாள் அடைக்கும். சித்தப்பா "மூச்சு வாங்கட்டும்" என்றது இதைத் தடுக்கத்தான். வாழ்நாள் அனுபவத்தில் கண்ட உண்மை அது.

அந்த உண்மை லாரிக்கு முழுதாகப் பொருந்தும். ஐடிலில் ஓடும் டீசல் எஞ்சின் எரிபொருளைச் சொட்டுச் சொட்டாகத்தான் எரிக்கிறது, காற்றை மட்டும் முழுதாக இழுக்கிறது. புகையின் சூடு 100, 150 டிகிரிக்கு இறங்கிவிடும். அது டர்பைனுக்கு விசிறி வீசியது போல. இரண்டு மூன்று நிமிடத்தில் சக்கரமும் கூடும் ஆறிவிடும். பல லாரி டர்போக்களில் தண்டுக் கூட்டைச் சுற்றி நீர் ஓடாது, ஆயில் ஒன்றுதான் ஆற்ற வேண்டும் என்பதால் இந்த நிமிடங்களுக்கு மதிப்பு அதிகம்.

பெட்ரோல் எஞ்சின் ஐடிலிலும் அதே 14.7 விகிதத்தில்தான் எரிகிறது. வாயில் இருக்கும் த்ராட்டில் தட்டு காற்றையும் சேர்த்துக் குறைத்துவிடுவதால் விசிறி வீச உபரிக் காற்று இல்லை. புகை அப்போதும் முந்நூறு, நானூறு டிகிரியில்தான் இருக்கும். இதற்காகத்தான் கார் டர்போவின் நடுக்கூட்டைச் சுற்றிக் கூலன்ட் ஓட வழி வைத்திருக்கிறார்கள். சில கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் மின்சாரப் பம்ப் ஒன்று கூலன்ட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும், ரேடியேட்டர் விசிறியும் ஓடும். மற்றவற்றில் சூடான நீர் மேலேறிக் குளிர்ந்தது கீழிறங்கும் இயல்பான ஓட்டமே அந்த வேலையைச் செய்கிறது. வண்டியைப் பூட்டிவிட்டுப் போகும்போது முன்பக்கம் விர்ரென்று சத்தம் கேட்கிறது என்று பயந்து பேட்டரி வயரைக் கழற்றியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் டர்போவைக் காப்பாற்றும் சத்தம். ஓடி முடிக்க விட்டுவிட வேண்டும்.

ஆகவே பெட்ரோல் காருக்கு நின்றபடி ஐடில் விடுவதைவிட, கடைசி ஓரிரு கிலோமீட்டரை மெதுவாக, காலை அழுத்தாமல் ஓட்டிவருவது நல்லது. ஊருக்குள் ஓட்டி வீட்டு வாசலில் நிறுத்துகிறவர் காத்திருக்கவே தேவையில்லை. நாற்கரச் சாலையில் விரட்டி வந்து நேராக ஓட்டல் வாசலில் நிறுத்துகிறவரும், மலை ஏறிய கையோடு நிறுத்துகிறவரும் ஒரு நிமிடம் பொறுக்கலாம். அன்றைக்குத் தொப்பூரில் சித்தப்பா என் கையைப் பிடித்ததும் சரிதான். லாரிக்காரர்களும் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு மணிக்கணக்கில் தூங்குவது டர்போவுக்கு நன்மை செய்வதில்லை. ஐடிலில் டர்போவுக்குள் காற்றழுத்தம் இருக்காது. வெளியிலிருந்து அணைகொடுக்கும் அழுத்தம் இல்லாததால் ஆயில் மெல்லச் சக்கரங்களின் பக்கம் கசியும், கரி படியும். மூன்று நிமிடம் மருந்து, மூன்று மணி நேரம் நோய்.

ஆயிலின் அளவிலும் பெரிய வித்தியாசம் உண்டு. லாரி எஞ்சினின் சம்ப்பில் பதினைந்து லிட்டருக்கு மேல் ஆயில் இருக்கும். என் காரில் மூன்றரை லிட்டர் சுற்றுத்தான். அந்த மூன்றரை லிட்டர்தான் அதிகச் சூட்டையும் இரண்டு மடங்கு சுழற்சியையும் சமாளிக்கிறது. போதாக்குறைக்கு, தினமும் மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கும் கடைக்கும் போய்வரும் கார் முழுச் சூடு ஏறுவதே இல்லை. நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் எரியாத பெட்ரோல் சுவரில் வழிந்து ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். கையேட்டில் பத்தாயிரம் கி.மீ. அல்லது ஒரு வருடம் என்றிருந்தால், இப்படி ஓடும் வண்டிக்கு அதில் பாதியிலேயே ஆயில் மாற்றிவிடுவேன். டர்போவின் விலைக்கு முன்னால் ஆயில் செலவு ஒரு செலவே இல்லை.

லாரியில் ஆயிலின் பகை புகைக்கரி. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 புகை விதிக்கேற்ற வண்டிகளில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கக் கூடுதல் டீசல் பீய்ச்சும் வகைகளில் கொஞ்சம் டீசல் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைந்தால் எல்லோரும் பதறுகிறோம். ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் அதைவிட அதிகம் பதற வேண்டும்.

முதலில் எஞ்சினே உடையலாம் என்றேனே, அது ஓட்டும் விதத்தைப் பற்றியது. லாரி டிரைவர் மேட்டில் 1,200 முதல் 1,600 சுற்றுக்குள் முழுதாக மிதித்து இழுப்பார். அதுதான் அவருக்குச் சிக்கனம், எஞ்சினும் அதற்கென்றே செய்யப்பட்டது. அதே பழக்கத்தில் பெட்ரோல் டர்போ காரை டாப் கியரில், 1,300 சுற்றில் வைத்துக் காலை முழுதாக அழுத்தினால் ஆபத்து. சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் துளி பெட்ரோலோடு கலந்து, பிளக் பொறி விடும் முன்பே தானாகப் பற்றும். இதைக் குறைந்த வேக முன்பற்றல் எனலாம். சாதாரண நாக்கிங்கைவிடப் பல மடங்கு கொடியது. ஒன்றிரண்டு முறை பலமாக நடந்தால் பிஸ்டனே உடையும். ஆயிலில் சேர்க்கும் கால்சியம் வகை அழுக்கு நீக்கிகள் இதைத் தூண்டுகின்றன என்று தெரிந்த பிறகுதான் 2018-ல் ஏ.பி.ஐ. எஸ்.என். ப்ளஸ் தரமும் 2020-ல் எஸ்.பி. தரமும் வந்தன. "டீசல் ஆயில்தான் கெட்டி, டர்போவுக்கு நல்லது" என்று பெட்ரோல் காருக்கும் அதை ஊற்றும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. டீசல் ஆயில்களில் அந்தக் கால்சியம் அதிகம் இருப்பது வழக்கம். தயவுசெய்து டப்பாவின் பின்னால் எஸ்.பி. என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். மேட்டில் ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள்.

தூசு விஷயத்தில் லாரியின் பாடுதான் பெரியது. கல் குவாரியிலும் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் போகும் காட்டு வழிகளிலும் காற்றே மண்ணாக இருக்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றி டயரில் தட்டி, உள்ளும் புறமும் ஏர் பிடித்து மறுபடி மாட்டுவதை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். தட்டும்போது காகித மடிப்பில் நூல் போல ஒரு கீறல் விழுந்தால் போதும். ஒருமுறை சித்தப்பா ஓட்டிய வண்டியிலிருந்து கழற்றிய டர்போவை என் கையில் கொடுத்தார்கள். கம்ப்ரஸர் சக்கரத்தின் இதழ்களை விரலால் தடவினேன். வழவழப்பாக வளைந்திருக்க வேண்டிய முனைகள் ரம்பப் பல்லாகி, இதழ் காகிதம் போல மெலிந்திருந்தது. ஒலியை மிஞ்சும் வேகத்தில் சுழலும் அலுமினியத்தில் மணல் மோதினால் என்ன ஆகும் என்பது அந்த விரல் நுனியில்தான் எனக்குப் புரிந்தது.

ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் கேடுதான். கம்ப்ரஸர் காற்றுக்காகத் தவித்து உறிஞ்சும்போது தன் நடுக்கூட்டிலிருந்து ஆயிலையும் சேர்த்து உறிஞ்சிவிடும். டர்போவில் ரப்பர் சீல் கிடையாது, பிஸ்டன் ரிங் போன்ற இரும்பு வளையங்களும் காற்றழுத்தமும்தான் ஆயிலைத் தடுக்கின்றன. அதனால் ஹோஸில் ஆயில் தெரிந்ததும் "டர்போ போச்சு" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஃபில்டர் அடைப்பா, ஆயில் கீழே வடியும் குழாய் நசுங்கியதா, எஞ்சினுக்குள் ஆவி அழுத்தம் ஏறியதா என்று மூன்றையும் பார்த்த பிறகே டர்போ மேல் கை வைக்க வேண்டும். கருப்புப் புகையோடு பிக்கப் குறைந்து உஸ்ஸென்று சத்தமும் வந்தால், பெரும்பாலும் இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கும், அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கும்.

டர்போ உண்மையாகவே கைவிட்டால், பெட்ரோல் காரைவிட டீசல் வண்டிதான் பயங்கரம். வளையம் தேய்ந்து ஆயில் மொத்தமாகக் காற்றுக் குழாயில் கொட்டினால், டீசல் எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து ஓடத் தொடங்கும். வெண்புகை ஊரை மறைக்கும், எஞ்சின் கட்டுமீறி அலறும், சாவியைத் திருகினாலும் நிற்காது. சாவி டீசலைத்தான் நிறுத்தும். எரிவது ஆயில். கிளட்ச் உள்ள வண்டியாக இருந்தால் டாப் கியர் போட்டு, பிரேக்கை அழுத்தமாக மிதித்துக் கிளட்சை விட்டு எஞ்சினை அமுக்க வேண்டும். காற்று வழியைப் பலகையாலோ தட்டாலோ அடைத்தாலும் அடங்கும். வெறுங்கையையோ துணியையோ அங்கே கொண்டுபோகவே கூடாது. முடியாவிட்டால் விலகி ஓடிவிடுவதுதான் உசிதம். பெட்ரோல் கார் இப்படித் தானாக ஓடாது. பிளக்கில் பொறி நின்றால் அதுவும் நின்றுவிடும்.

புது டர்போ மாட்டிய வாரத்திலேயே அதுவும் போய்விட்டது என்று இரண்டு வகை வண்டிக்காரர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். பழைய டர்போவைக் கொன்ற காரணம் அங்கேயே இருந்திருக்கும். கரி அடைத்த ஆயில் குழாயைக் கழுவி மாட்டாமல் புதிதாகவே மாற்ற வேண்டும். ஆயிலும் ஃபில்டரும் புதிதாக இருக்க வேண்டும். கேஸ்கெட்டுக்குப் பதிலாகச் சிலிகோன் பசை தடவினால் அதன் துணுக்கே துளையை அடைக்கும். இன்டர்கூலருக்குள் பழைய சக்கரத்தின் அலுமினியச் சில்லுகள் கிடக்கலாம், அதையும் கழுவ வேண்டும். சித்தப்பாவின் மெக்கானிக் இதில் ஒன்றையும் விடமாட்டார். எல்லாம் மாட்டிய பின் ஆயில் நுழையும் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றி, சக்கரத்தை விரல் நுனியால் மெல்லச் சுற்றுவார். மறுபடி ஊற்றுவார், மறுபடி சுற்றுவார். கீழே வடிகுழாயில் ஆயில் நூலாக இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், "அண்ணே, இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்று குரல் கொடுப்பார்.